பெரியப்பா கேட்ட கேள்வியும் ஹெலிகாப்டர் சைலன்சரும்



தலைப்பைப் பார்த்துட்டு "பி.காம். படிக்கற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். எனக்கும் தெரியாது. காஸ்ட் அக்கவுண்டிங் அசைன்மென்ட் பாதியில நிக்குது. மூணு வாரமா அதை விட்டுட்டு விமானத்தோட பின்பக்கத்தைப் பத்திப் படிச்சுட்டு இருக்கேன். படிச்சதை யார்கிட்டயாவது சொல்லலைன்னா தூக்கம் வராது போல. அதான் நீங்க மாட்டிக்கிட்டீங்க :)

எல்லாம் ஆரம்பிச்சது ஒரு டீசல் ஜெனரேட்டர்ல.

போன லீவுல திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில (பேர் வேண்டாம்) ஒரு மாசம் இன்டர்ன்ஷிப். பாய்லருக்கு எத்தனை டன் விறகு வந்துச்சு, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, டீசல் எவ்வளவு, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறது தான் வேலை. ஒரு நாள் எனர்ஜி ஆடிட் பண்ண ஒருத்தர் வந்தார். கையில துப்பாக்கி மாதிரி ஒரு சாமான். தெர்மல் கேமரா. எந்த இடத்துல சூடு வீணாப் போகுதுன்னு அதுல பார்த்தா தெரியுமாம். டீசல் கணக்கு என் கையில இருந்ததால என்னைக் கூட அனுப்பி வச்சாங்க.

அவர் அதை ஜெனரேட்டர் ரூம் பக்கம் திருப்பினார். கண்ணுக்குக் கருப்பா, சாதுவா நிக்கற சைலன்சர் ஸ்கிரீன்ல வெள்ளை வெளேர்னு எரியுது. பக்கத்துல நின்ன வாட்ச்மேன் அண்ணன் ஆரஞ்சு கலர்ல ஒரு உருவம். சுவர் நீலம். "அட!"ன்னு வாயைப் பிளந்துட்டேன்.

இன்னும் ரெண்டு விஷயம் அன்னைக்குப் பார்த்தேன். ஒண்ணு, சைலன்சர் வாயில இருந்து வர்ற புகை அந்த ஸ்கிரீன்ல தெரியவே இல்லை. குழாய் தெரியுது, குழாயை விட்டு வெளிய வர்ற கொதிக்கற காத்து தெரியலை. ரெண்டாவது, ஸ்டீம் பைப் மேல கண்ணாடிப் பஞ்சு சுத்தி அலுமினியத் தகடு போர்த்தி இருந்தாங்க. கேமராவுல 38 டிகிரின்னு காட்டுச்சு. அவர் சிரிச்சுட்டே பையில இருந்து கருப்பு இன்சுலேஷன் டேப் எடுத்து அந்தத் தகடு மேல ஒரு துண்டு ஒட்டினார். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா டேப் இருந்த இடம் மட்டும் 71! "பளபளப்பான தகடு பொய் சொல்லும் தம்பி. உள்ள சூடு இருந்தாலும் வெளிய கதிர் விடாது. பக்கத்துல இருக்கறதைத் தான் கண்ணாடி மாதிரி காட்டும்"னு சொன்னார்.

அந்த சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். எங்க ஊர் மூலனூர். தாராபுரத்துல பஸ் மாறி வரணும். தெரியாதவங்களுக்கு: முருங்கைக்காய், பருத்தி ஏலம், வெயில். இந்த மூணுக்கும் பேர் போன ஊர். சாயங்காலம் பெரியப்பா தோட்டத்துல உக்காந்து இந்தக் கேமரா கதையைச் சொன்னேன். பெரியப்பா ராணுவத்துல லாரி டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1999 கார்கில் சண்டை நடந்தப்ப ஸ்ரீநகர் - லே ரோட்டுல ரேஷன் லாரி ஓட்டினவர். அதைப் பத்தி வீட்டுல எதுவும் பேச மாட்டார். நாங்களும் கேக்கறதில்லை.

அன்னைக்கு அவரா ஆரம்பிச்சார்.

"ஏங்கண்ணு, அந்தக் கேமரா மாதிரி தான ஏவுகணை மூக்குலயும் இருக்கும்?"

"ஆமாங்க பெரியப்பா, அப்படித்தான் போட்டிருக்காங்க."

"திராஸ் பக்கத்துல எங்காளுக ஹெலிகாப்டர் ஒண்ணு விழுந்துச்சு. நாலு பேரு. அந்தச் சைலன்சருக்கு ஒரு டப்பாவை மாட்டி, சூடு தெரியாமப் பண்ணியிருந்தா தப்பிச்சிருப்பாங்களாடா?"

எனக்குப் பதில் தெரியலை. அதுக்கு அப்புறம் தான் இந்த மூணு வாரப் படிப்பு.

முதல்ல அவர் சொன்ன சம்பவம். 1999 மே 26-ம் தேதி விமானப்படை கார்கில் மலைகள்ல தாக்குதலை ஆரம்பிச்சுது. 'சபேத் சாகர்'னு பேர். ஆனா அதுக்கு முன்னாடியே, மே 21 அன்னைக்குப் படம் எடுக்கப் போன ஒரு கான்பெரா விமானத்து மேல தோளில் வச்சுச் சுடற ஏவுகணை வந்து அடிச்சுது. ஓட்டினவர் ஸ்குவாட்ரன் லீடர் ஏ. பெருமாள், கூட நேவிகேட்டர் யு.கே. ஜா. ஒரு இன்ஜின் போச்சு. மிச்சம் இருந்த ஒரே இன்ஜின்ல ஸ்ரீநகர்ல கொண்டு வந்து இறக்கிட்டாங்க. மே 27 அன்னைக்கு ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவோட மிக்-21 அதே மாதிரி ஏவுகணையில விழுந்துச்சு. மறுநாள் மே 28, தோலோலிங் பக்கம் ராக்கெட் அடிக்கப் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள்ல ஒண்ணு ஸ்டிங்கர் ஏவுகணை பட்டு விழுந்துச்சு. அதுல இருந்தவங்க ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர், ஃபிளைட் லெப்டினென்ட் எஸ். முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாஹு. நாலு பேரும் போயிட்டாங்க.

பெருமாள், முகிலன். நான் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்த சண்டை. ஆனா அந்த ரெண்டு பேரைப் படிச்சப்ப கிளாஸ் அட்டெண்டன்ஸ்ல கேக்கற பேர் மாதிரி இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஏவுகணைக்கு எப்படிக் கண்ணு தெரியுது?

சூடா இருக்கற எல்லாப் பொருளும் கதிர் விடும். நம்ம உடம்புச் சூட்டுக்கு அந்தக் கதிரோட அலைநீளம் 9 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல உச்சத்துல இருக்கும். 600 டிகிரி செல்சியஸ்ல இருக்கற இரும்புக்கு 3.3 மைக்ரான் கிட்ட. ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு தான். காத்து எல்லா அகச்சிவப்பையும் விடாது. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் நிறைய இடத்துல முழுங்கிடும். ரெண்டு ஜன்னல் தான் திறந்திருக்கு: 3-ல இருந்து 5 மைக்ரான் வரை ஒண்ணு, 8-ல இருந்து 12 வரை இன்னொண்ணு. அந்த ஆடிட்டர் சாரோட கேமரா ரெண்டாவது ஜன்னல் வழியாப் பார்க்கறது. ஏவுகணைகள் பெரும்பாலும் முதல் ஜன்னல்ல பார்க்கறதுங்க.

புகை ஏன் ஸ்கிரீன்ல தெரியலைன்னு இப்பப் புரிஞ்சுது. புகையில இருக்கற சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் பக்கம் தான் பலமாக் கதிர் விடுது. அந்தக் கேமராவுக்கு அந்த ஏரியாவே கிடையாது. அதே புகையை ஏவுகணை பார்க்கும். இடையில இருக்கற காத்துலயும் கார்பன் டை ஆக்சைடு இருக்கறதால பாதியை முழுங்கிடும்னு வைங்க. ஆனாலும் சூடான வாயு விடற கதிர் கொஞ்சம் அகலமா விரிஞ்சு இருக்கறதால ஓரத்துல கசியும். அந்தக் கசிவு போதும்.

இது ஏன் முக்கியம்னா, ஆரம்ப கால ஏவுகணைகளுக்கு சூடான உலோகம் மட்டும் தான் தெரியும். அதாவது விமானத்தோட பின்னால போய், குழாய்க்குள்ள எட்டிப் பார்த்தாத் தான் சுட முடியும். 1958 செப்டம்பர்ல தைவான் ஜலசந்தியில முதல் தடவையா விமானத்தை வீழ்த்தின சைட்வைண்டர் அந்த ரகம். அப்புறம் வந்ததுல உணர்கருவியைக் குளிர வச்சுட்டாங்க. தான் குளிர்ந்திருந்தா அடுத்தவன் சூடு நல்லாத் தெரியுமே. அதுக்கப்புறம் புகையும் தெரிய ஆரம்பிச்சுது. புகை எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் தெரியும். முன்னாடி, பக்கவாட்டு, எங்கிருந்து வேணா சுடலாம். ஸ்டிங்கர் இந்த ரகம். கேஸோட மொத்தமே 15, 16 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையில மூணுல ஒரு பங்கு கூட இல்லை. ஒரு ஆள் தூக்கிட்டு மலையேறிடலாம்.

இப்ப பெரியப்பா சொன்ன 'டப்பா'.

அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லலை. நிஜமாவே டப்பா தான். 1972-ல வியட்நாம்ல சோவியத் ஸ்ட்ரெலா ஏவுகணை வந்து அமெரிக்க ஹெலிகாப்டர்கள் விழ ஆரம்பிச்சதும், ஹியூயி ஹெலிகாப்டரோட புகைக்குழாயை மேல் பார்க்க வளைச்சு ஒரு பெரிய குழாயை மாட்டினாங்க. கீழ இருந்து பார்க்கறவனுக்கு சூடான உலோகம் தெரியாது, மேல போற புகையை விசிறி அடிச்சுக் கலைச்சுடும். பார்க்க எப்படி இருந்துச்சுன்னா, சிப்பாய்கள் அதுக்கு வச்ச பேரே 'டாய்லெட் பவுல்' :) ஆப்கானிஸ்தான்ல சோவியத்காரங்களும் எம்ஐ-8, எம்ஐ-24 ரெண்டுக்கும் பக்கவாட்டுல பெட்டி மாதிரி ஒண்ணு மாட்டினாங்க. அங்க 1986 செப்டம்பர்ல ஸ்டிங்கர் வந்து முதல் நாளே ஜலாலாபாத்ல மூணு ஹெலிகாப்டரை விழ வச்சுது.

இந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குது? இதைப் படிச்சப்ப தான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா அது எங்க பெரியப்பா தோட்டத்துலயே இருக்கு.

சொட்டுநீர் போட்டிருக்கறவங்களுக்கு 'வென்சுரி' தெரியும். மெயின் பைப்ல ஒரு இடத்துல குறுகலா இருக்கும். அங்க தண்ணி வேகமாப் போகும்போது பக்கத்து டிரம்ல இருக்கற உரத் தண்ணியைத் தானா இழுத்துக்கும். தனியா மோட்டார் வேண்டியதில்லை. ஹெலிகாப்டர் பெட்டியும் அதே தான். இன்ஜின்ல இருந்து வேகமா வர்ற சூடான காத்து, பெட்டியோட இடுக்கு வழியா வெளிக் காத்தை இழுத்துக் கலந்துக்கும். 500, 600 டிகிரியில வந்த வாயு குளிர்ந்து வெளிய போகும். இழுக்கற அதே குளிர்ந்த காத்து பெட்டியோட சுவரையும் தடவிட்டுப் போறதால உலோகமும் குளிரும். அப்பாச்சி ஹெலிகாப்டர்ல இருக்கறது இந்த வகை தான். 'பிளாக் ஹோல்'னு பேர் வச்சிருக்காங்க. 2019 செப்டம்பர் 3 அன்னைக்குப் பதான்கோட்ல நம்ம விமானப்படையில சேர்ந்த அப்பாச்சிகளோட படத்தை எடுத்துப் பாருங்க. விசிறிக்குக் கீழ ரெண்டு பக்கமும் புடைப்பா, பட்டை பட்டையா ஒண்ணு தெரியும். அதான்.

வென்சுரி மாட்டினவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். அதை மாட்டின அன்னைக்கே கடைசி வரிசை முருங்கைக்குச் சொட்டு குறைஞ்சிடும். இழுக்கற வேலைக்கு பிரஷர் செலவாகுதே! ஹெலிகாப்டர்லயும் இதே கதை. பெட்டி எதிர்ப்பக்கமா அழுத்தறதால இன்ஜின் தர்ற சக்தியில கொஞ்சம் போயிடும். பெட்டியோட எடை வேற. சமவெளியில இந்த நஷ்டம் பெரிசாத் தெரியாது. தோலோலிங் மாதிரி 4,500 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குக்கும் கம்மி. விசிறிக்குப் பிடிக்கக் காத்து இல்லை, இன்ஜினுக்குக் குடிக்கக் காத்து இல்லை. அங்க ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கணும். மாட்டற டப்பாவோட எடைக்கு ராக்கெட்டையோ டீசலையோ குறைக்கணும் (ஹெலிகாப்டருக்கு டீசல் கிடையாது, மண்ணெண்ணெய் ஜாதி. பழக்க தோஷம், மன்னிச்சுக்கோங்க).

எங்க கிளாஸ்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, சூடு ஒரு செலவு. அதை ரைட் ஆஃப் பண்ண முடியாது. எரிச்ச எண்ணெய்க்கு உண்டான சூடு எங்கேயாவது போயே ஆகணும். நிறையக் காத்துல பங்கு போடலாம், மேல் பக்கமாத் திருப்பலாம், வேற தலைப்புக்கு மாத்தலாம். டோட்டல் மாறாது.

இப்பக் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, சின்னது தான்.

ஒரு பொருள் விடற மொத்தக் கதிர், அதோட வெப்பநிலையை நாலு தடவை பெருக்கினதுக்கு ஏத்த மாதிரி ஏறும் (வெப்பநிலையை கெல்வின்ல எடுக்கணும்). 600 டிகிரியில இருக்கற குழாயை 300-க்கு இறக்கினா கதிர் பாதி ஆகாது, அஞ்சுல ஒண்ணுக்கும் கீழ போயிடும். அருமை! நான் இதைப் படிச்சதும் "டப்பா மாட்டினா ஜெயிச்சாச்சு"ன்னு பெரியப்பாவுக்கு போன் பண்ணப் பார்த்தேன்.

நல்ல வேளை பண்ணலை. அடுத்த பக்கத்துல ஆப்பு இருந்துச்சு. தூரம் கூடக் கூட வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துக்குக் குறையும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அதையே திருப்பிப் போட்டா, கதிரை நாலுல ஒரு பங்கா ஆக்கினாத் தான் ஏவுகணைக்குத் தெரியற தூரம் பாதியாகும். பாதியா ஆக்கினா, தூரம் 100-ல இருந்து 71 தான் ஆகும். கஷ்டப்பட்டு 600 டிகிரியை 345-க்கு இறக்கினா, 4 கிலோமீட்டர்ல பிடிக்கற ஏவுகணை 2 கிலோமீட்டர்ல பிடிக்கும். அவ்வளவு தான். (நடுவுல இருக்கற காத்து முழுங்கறதையும், 3-5 ஜன்னல்ல கதிர் இன்னும் வேகமாக் குறையறதையும் விட்டுட்டுப் போட்ட பாமரக் கணக்கு இது. பொறியியல் படிக்கறவங்க அடிக்க வராதீங்க.)

அந்த 2 கிலோமீட்டருக்கு என்ன மதிப்பு? 200 கிலோமீட்டர் வேகத்துல போற ஹெலிகாப்டருக்கு அது 36 நொடி. சுடறவன் நம்மளைப் பிடிக்க முடியாம இருக்கற நேரத்துல 36 நொடி கூடுதலாக் கிடைக்குது. ஒரு மலை முகட்டைத் தாண்டி மறைஞ்சுக்கப் போதுமான நேரம்.

இதைப் பத்தி நம்ம நாட்டுலயே ஆராய்ச்சி நடந்திருக்குங்கறது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஐஐடி பம்பாய்ல விண்வெளிப் பொறியியல் துறையில ஸ்ரீபாத் மகுலிகர்னு ஒரு பேராசிரியர். விமானங்களோட அகச்சிவப்புத் தடம் பத்தி அவரும் அவர் குழுவும் 2007-ல எழுதின விரிவான கட்டுரையை உலகம் முழுக்க மேற்கோள் காட்டறாங்க. குழாய் மட்டும் பிரச்சினை இல்லைங்கறதும் இந்த மாதிரி ஆராய்ச்சிகளைப் படிச்சாத் தான் தெரியுது. விமான உடம்பு மேல வெயில் பட்டுத் தெறிக்கறது, தரையோட சூடு பட்டுத் தெறிக்கறது, பின்னணியில வானம் எவ்வளவு குளிரா இருக்குங்கறது, எல்லாம் சேரும். அந்த அலுமினியத் தகடு ஞாபகம் இருக்கா? கதிர் விடாத பூச்சு பூசினா விமானத்தோட சொந்தச் சூடு மறையும். அதே பூச்சு சூரியனைக் கண்ணாடி மாதிரி காட்டிக் கொடுத்துடும். ஆடிட்டர் சார் சொன்ன பொய் ரெண்டு பக்கமும் வேலை செய்யுது.

ஹெலிகாப்டரை விட்டுட்டு மத்த விமானங்களைச் சீக்கிரமாப் பார்த்துடலாம். அமெரிக்காவோட ஏ-10 விமானத்துல ரெண்டு இன்ஜினையும் முதுகு மேல தூக்கி வச்சு, வாலை வச்சு மறைச்சிருப்பாங்க. எப்-117-ல புகைக்குழாயை நசுக்கி, தபால் பெட்டி வாய் மாதிரி அகலமா, ஒல்லியா ஆக்கியிருப்பாங்க. அப்படி ஆக்கினா சூடான காத்து சீக்கிரமா வெளிக் காத்தோட கலந்துடும். கீழ ஒரு உதடு நீட்டிட்டு இருக்கும், தரையில இருக்கறவனுக்கு உள்ள தெரியாம. விலை? அதுல ஆப்டர்பர்னர் கிடையாது. ஒலி வேகத்தைத் தாண்ட முடியாது. கோமான்சேன்னு ஒரு ஹெலிகாப்டர்ல புகையை வால் முழுக்க ஓட விட்டுப் பிளவு வழியா சன்னமா வெளிய விட்டாங்க. படிக்கவே அழகா இருக்கு. 2004-ல திட்டத்தையே கைவிட்டுட்டாங்க.

சரி, பெரியப்பாவோட கேள்வி. டப்பா இருந்திருந்தா?

இங்க தான் எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. டப்பாவோட தத்துவமே "எதிரி கீழ இருக்கான், சூட்டை மேல திருப்பு"ங்கறது. வியட்நாம் வயக்காடு, அங்க சரி. கார்கில்ல எதிரி உக்காந்திருந்தது மலை உச்சியில. ஹெலிகாப்டருக்குச் சமமாவும் மேலயும். மேல திருப்பின புகை நேரா அவன் முகத்துக்கு நேரா போகும்! போதாததுக்கு, அவங்க அடிக்கப் போனது வழிகாட்டி இல்லாத ராக்கெட். அதைக் குறி பார்த்து அடிக்க முகட்டுக்குக் கிட்டப் போயே ஆகணும். 4 கிலோமீட்டரை 2 ஆக்கினாலும், நாமளே அந்த 2-க்குள்ள போய் நிக்கற வேலை. 36 நொடியை எங்க வச்சு எண்ணறது?

அப்ப எது இல்லாமப் போச்சு? அன்னைக்குப் போனதுல விழுந்த அந்த ஹெலிகாப்டர்ல ஃப்ளேர் இல்லை. ஃப்ளேர்னா மக்னீசியம் கலந்த எரியற குண்டு. மத்தாப்பு மாதிரி வெளிய சிதறும். ஏவுகணை இன்ஜினை விட்டுட்டு அது பின்னால போகும். கூடப் போன மத்ததுல அது இருந்துச்சு. இதுல இல்லை.

டப்பாவும் ஃப்ளேரும் கூட்டாளிங்கறதையும் சொல்லணும். இன்ஜின் எவ்வளவு மங்கலாத் தெரியுதோ, அவ்வளவு சின்ன ஃப்ளேர் போதும் அதை ஏமாத்த. இன்ஜின் கொழுந்து விட்டு எரியறப்ப பக்கத்துல மத்தாப்பு கொளுத்தி என்ன பிரயோஜனம்? அதனால டப்பா வீண்னு நான் சொல்ல வரலை. தனியா இருந்தா, அந்த மலையில, அந்த வேலையில, காப்பாத்தியிருக்கும்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

இன்னொண்ணு. கான்பெராவுல இருந்த ரெண்டு பேர் ஏன் பிழைச்சாங்க? அந்த விமானத்துல இன்ஜின் ரெண்டும் ஆளுங்க இருக்கற இடத்தை விட்டுத் தள்ளி, இறக்கை நடுவுல இருக்கும். ஏவுகணை சூட்டைத் தேடி இன்ஜினுக்குப் போச்சு, இன்ஜினை எடுத்துக்கிச்சு. எம்ஐ-17-ல இன்ஜின் ரெண்டும் தலைக்கு மேல, கியர்பாக்ஸுக்கும் விசிறிக்கும் ஒட்டி இருக்கு. புகைக்குழாய் எங்க வைக்கறோமோ அங்க தான் அடி விழும்னு வச்சுக்கிட்டா, வடிவமைக்கறவர் முதல் கோடு போடறப்பவே பாதி முடிவாயிடுது. பெருமாள் சாரோட திறமையைக் குறைச்சு மதிப்பிடலை. ஒத்தை இன்ஜினோட அந்த மலைகளைத் தாண்டி வர்றது விளையாட்டு இல்லை.

மே 28-க்கு அப்புறம் ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்பறதை நிறுத்திட்டாங்க. விமானங்கள் ஸ்டிங்கர் எட்டாத உயரத்துல இருந்து குண்டு போட ஆரம்பிச்சுது. மிராஜ்-2000 லேசர் குண்டு போட்டதெல்லாம் அப்புறம் வந்த கதை. அதாவது சூட்டை மறைக்கறதுக்குப் பதிலா தூரத்தை வாங்கிட்டாங்க.

அந்த உயரத்துலயே சண்டை போடற ஹெலிகாப்டர் வேணும்ங்கற தேவை கார்கில்ல தான் உறைச்சுது. அதுல இருந்து வந்தது தான் பெங்களூர் எச்.ஏ.எல். பண்ணின இலகு ரகத் தாக்குதல் ஹெலிகாப்டர். முதல்ல பறந்தது 2010 மார்ச் 29. 'பிரசண்ட்'னு பேர் வச்சு ஜோத்பூர்ல விமானப்படையில சேர்த்தது 2022 அக்டோபர் 3. 5,000 மீட்டர் உயரத்துலயும் இறங்கி ஏற முடியும். ரேடாருக்கும் கண்ணுக்கும் மட்டுமில்லாம, வெப்பத் தடத்தையும் குறைக்கணும்னு ஆரம்பத்துலயே யோசிச்சுப் பண்ணினது. 2025 மார்ச்ல இன்னும் 156-க்கு ஆர்டர் போட்டாங்க, 62,700 கோடி ரூபாய்க்கு. 1999-ல இருந்து 2022 வரை 23 வருஷம். என் வயசை விட அதிகம்.

போன ஞாயித்துக்கிழமை திரும்பவும் தோட்டத்துக்குப் போனேன். வென்சுரியைக் காட்டித் தான் பெரியப்பாவுக்கு விளக்கினேன். சட்டுனு புரிஞ்சுக்கிட்டார். "கடைசி வரிசைக்குத் தண்ணி ஏறாதே"ன்னு அவரே சொன்னார். எதிரி மேல இருந்தா டப்பா உதவாதுன்னதுக்கு மட்டும் தலையை ஆட்டினார். ஃப்ளேர் விஷயத்தைச் சொன்னப்ப கையில இருந்த முருங்கைக் குச்சியைக் கீழ வச்சுட்டார்.

"அப்ப மத்ததுல எல்லாம் இருந்துச்சு?"

"ஆமாங்க பெரியப்பா."

"இதுல மட்டும் இல்ல."

"இல்லீங்க."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அது ஒரு செட்டு என்ன விலை இருக்கும்?"னு கேட்டார். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கறவன் நான். முழிச்சேன்.

அதுக்குள்ள மோட்டார் ரூம்ல லைட் எரிஞ்சுது. "மூணு பேஸ் வந்துருச்சு, இரு வர்றேன்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.